மரபியல் கலப்புக் கணக்குகளைப் பிழையின்றித் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மரபியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பெற்றோரின் அல்லீல்கள் மகவில் எப்படிச் சேரலாம் என்று காட்டும் அறைப் பட்டியலான புன்னட் கட்டத்தை நிரப்பத் தெரியாதவர்கள் மிகச் சிலரே. கட்டம் வரைவதற்கு முன் முடிக்க வேண்டிய மூன்று நான்கு சிறு வேலைகளைத் தாண்டிச் சென்றுவிடுவதால்தான் பெரும்பாலானோர் தவறான விடையில் போய் நிற்கிறார்கள். அந்த முன்வேலைகள் எந்த வரிசையில் வர வேண்டும், ஏன் அந்த வரிசையில் வர வேண்டும் என்பதை, பட்டாணிச் செடியில் தொடங்கிக் குடும்பக் கால்வழி வரைபடம் வரை இங்கே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் தெளிவாக இருக்க வேண்டியவை

மனித உடற்செல்லில் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. பட்டாணியில் 14 குரோமோசோம்கள், அதாவது 7 இணைகள். குரோமோசோம் இணையாக இருப்பதால், அதன்மேல் அமைந்த மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அந்தப் பிரதிகளின் மாற்று வடிவங்களையே அல்லீல்கள் என்கிறோம்.

இனச்செல் உருவாகும்போது மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பில் இந்த இணைகள் பிரிகின்றன. எனவே முட்டையிலோ விந்தணுவிலோ மகரந்தத்திலோ ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். இந்த வரியை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், பொருள் புரியும் வரை அதிலேயே நில்லுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

ஒரே வகை அல்லீல்கள் இரண்டு இருந்தால் ஹோமோசைகஸ், வெவ்வேறு அல்லீல்கள் இருந்தால் ஹெட்டிரோசைகஸ். அல்லீல்களின் சேர்க்கை ஜீனோடைப். கண்ணுக்குத் தெரிவது, அல்லது சோதனையில் வெளிப்படுவது, புறத்தோற்றம். கணிதத்திலிருந்து இரண்டு விதிகள் போதும். ஒன்றையொன்று பாதிக்காத இரு நிகழ்வுகள் சேர்ந்து நடப்பதற்கு நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நடக்க முடியாத இரண்டில் ஏதேனும் ஒன்று நடப்பதற்குக் கூட்ட வேண்டும்.

2. எது ஓங்கு பண்பு, எது ஒடுங்கு பண்பு என்பதை முதலில் தீர்மானியுங்கள்

இதை முடிவு செய்யாமல் குறியீடு எழுதத் தொடங்கினால், பின்னால் போடும் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். கேள்வியில் இரண்டு தடயங்களைத் தேடுங்கள். இரு தூய வகைகளைக் கலந்தபோது முதல் சந்ததி முழுவதிலும் வெளிப்பட்ட பண்பு ஓங்கு பண்பு. ஒரே பண்புடைய பெற்றோர் இருவருக்கு வேறு பண்புடன் ஒரு மகவு பிறந்திருந்தால், அந்த மகவின் பண்பு ஒடுங்கு பண்பு. மறைந்திருந்த ஒன்றுதான் அப்படி வெளிவர முடியும்.

அதிகம் பேரிடம் காணப்படுவதே ஓங்கு பண்பு என்று நினைப்பது இங்கே நிகழும் பெரிய தவறு. ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனாலும் உலகில் மிகப் பரவலான இரத்த வகை அதுவே. கையில் ஆறாம் விரல் அமைவது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. ஆனால் ஆறு விரல் உள்ளவர்கள் அரிது. ஓர் அல்லீல் மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும், அது இணையில் மற்றொன்றை மறைக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

ஓங்கு அல்லீல் மற்றதை ‘அடக்குகிறது’ என்ற பேச்சும் குழப்பத்தை வளர்க்கிறது. பட்டாணி விதையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுருங்கிய விதைக்கான அல்லீலிலிருந்து ஸ்டார்ச்சைக் கிளைவிடச் செய்யும் நொதி செயல்படும் நிலையில் உருவாவதில்லை. அதனால் விதையில் சர்க்கரையும் நீரும் மிகுந்து, காயும்போது அது சுருங்குகிறது. செயல்படும் பிரதி ஒன்று மட்டும் இருந்தாலே விதை உருண்டையாவதற்குத் தேவையான நொதி கிடைத்துவிடுகிறது. ஆகவே ஹெட்டிரோசைகஸ் விதையும் உருண்டையாக இருக்கிறது. ஒடுங்கு அல்லீலை யாரும் அடக்கவில்லை. அது அங்கேயே, மாறாமல், அடுத்த தலைமுறைக்குச் செல்லத் தயாராக இருக்கிறது.

3. குறியீட்டைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள்

பாடநூல்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பயன்படுகின்றன. கையால் எழுதும்போது சில எழுத்துகளில் பெரியதற்கும் சிறியதற்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. மாணவர் தம் எழுத்தையே தவறாகப் படித்து விடையை இழப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பயிற்சித்தாளில் நான் தமிழின் நெடிலையும் குறிலையும் பயன்படுத்தச் சொல்கிறேன்: நெடில் ஓங்கு அல்லீல், குறில் ஒடுங்கு அல்லீல்.

இந்த வழிகாட்டியில் உயரத்துக்கு யா, ய. விதை வடிவத்துக்கு வா, வ. விதை நிறத்துக்கு நா, ந. யா நெட்டை, ய குட்டை. வா உருண்டை, வ சுருக்கம். நா மஞ்சள், ந பச்சை. ஒரு மரபணுவுக்கு ஓர் எழுத்துதான். நெட்டைக்கு ‘நெ’, குட்டைக்கு ‘கு’ என்று இரண்டு எழுத்துகளை எடுத்தால், இரண்டும் ஒரே மரபணுவின் வடிவங்கள் என்பது தாளில் மறைந்துவிடும். இருபண்புக் கலப்பு வரும்போது எது எதற்கு இணை என்று தெரியாமல் திணறுவீர்கள்.

4. பெற்றோரின் ஜீனோடைப்பை ஒடுங்கு பண்பிலிருந்து தொடங்கிக் கண்டுபிடியுங்கள்

ஒடுங்கு பண்பு தெரிந்தால் ஜீனோடைப் உறுதி: குட்டைச் செடி யய தான். நெட்டைச் செடி யாயா ஆகவும் இருக்கலாம், யாய ஆகவும் இருக்கலாம். ஆகவே அதற்கு ‘யா_’ என்று எழுதி, இரண்டாம் இடத்தைக் காலியாக விடுங்கள். பழகாதவர்கள் அந்த இடத்தை உடனே நிரப்பிவிடுகிறார்கள். தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருப்பது இங்கே மிக முக்கியமான ஒழுங்கு.

காலியிடத்தை நிரப்புவது மகவுகளே. ஒரு நெட்டைச் செடியைக் குட்டைச் செடியுடன் கலந்ததில் 48 நெட்டையும் 52 குட்டையும் கிடைத்தன என்று கேள்வி சொல்கிறது என்க. ஒவ்வொரு குட்டை மகவும் யய. அதன் ஒரு ‘ய’ குட்டைப் பெற்றோரிடமிருந்தும், மற்றொரு ‘ய’ நெட்டைப் பெற்றோரிடமிருந்தும் வந்தாக வேண்டும். ஆகவே நெட்டைப் பெற்றோர் யாய. ஒரேயொரு குட்டை மகவு கிடைத்திருந்தாலும் இந்த முடிவு மாறாது.

இதையே திட்டமிட்டுச் செய்தால் அது சோதனைக் கலப்பு. இதற்கு ஒடுங்கு பண்புடைய செடியைத் தேர்ந்தெடுப்பதன் காரணம், அது தன் மகவுக்கு ‘ய’ தவிர வேறெதையும் தர முடியாது என்பதே; அதனால் மறுபக்கத்திலிருந்து வந்த அல்லீல் மகவின் தோற்றத்திலேயே நேரடியாகத் தெரிந்துவிடும். எத்தனை மகவுகள் வேண்டும்? சோதிக்கப்படும் செடி யாய ஆக இருந்தும் ஏழு மகவுகளும் நெட்டையாகவே அமைவதற்கான வாய்ப்பு, அரையை ஏழு முறை பெருக்கினால் வரும் 1/128. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு மூன்று மகவுகளைப் பார்த்துவிட்டுத் தூய செடி என்று முடிவு செய்வது அவசரம்.

5. இனச்செல்களைத் தனியே எழுதுங்கள்: பாதிப் பிழைகள் பிறக்கும் இடம் இது

பெற்றோரின் ஜீனோடைப் கிடைத்தவுடன் கட்டத்துக்குப் பாய வேண்டாம். இடையில் ஒரு வரி விட்டு, ஒவ்வொரு பெற்றோரும் எத்தனை வகை இனச்செல்களைத் தருகிறார் என்று எழுதி, ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். யாய செடி தருபவை இரண்டு: யா, ய. யாயா செடி தருவது ஒரே வகை: யா.

இருபண்புக் கலப்பில்தான் பெரும் சறுக்கல். வாவநாந என்ற ஜீனோடைப்பிலிருந்து ‘வாவ’, ‘நாந’ என்று இரண்டு இனச்செல்களை எழுதிவிடுகிறார்கள். முதலாவதில் வடிவத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன, நிறத்துக்கு ஒன்றுமே இல்லை. மியாசிஸில் அப்படி ஓர் இனச்செல் உருவாவதில்லை. ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் ஒன்று, ஒன்றே ஒன்று, எடுக்க வேண்டும். வா எடுத்தால் அதனுடன் நா அல்லது ந; வ எடுத்தால் அதனுடன் நா அல்லது ந. ஆக வாநா, வாந, வநா, வந என நான்கு.

இதைக் கையால் செய்து பாருங்கள். இரண்டு நாணயங்களை எடுத்து, ஒன்றின் இரு பக்கங்களிலும் வா, வ என்றும், மற்றொன்றில் நா, ந என்றும் தாள் ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்துச் சுண்டினால் மேலே தெரிவதுதான் ஓர் இனச்செல். இருபது முறை சுண்டியபின் ‘வாவ’ என்று எழுதுகிற மாணவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

எத்தனை வகை என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: ஹெட்டிரோசைகஸாக உள்ள மரபணுக்கள் எத்தனையோ, அத்தனை முறை 2ஐப் பெருக்குங்கள். கேள்வியில் உள்ள பண்புகளின் எண்ணிக்கையை எடுக்கக் கூடாது. வாவாநாந என்பதில் பண்புகள் இரண்டு. ஆனால் ஹெட்டிரோசைகஸ் மரபணு ஒன்றே. எனவே இனச்செல் வகைகளும் இரண்டே: வாநா, வாந.

6. இப்போது கட்டத்தை வரையுங்கள்

ஒரு பெற்றோரின் இனச்செல்கள் மேல்வரிசையில், மற்றவருடையவை இடப்பக்கத்தில். யாய செடி இரண்டைக் கலந்தால் நான்கு அறைகளில் யாயா, யாய, யாய, யய என நிரம்பும். நெடிலை எப்போதும் முதலில் எழுதுங்கள்; யயா என்றும் யாய என்றும் மாறி மாறி எழுதினால் எண்ணும்போது இரண்டும் வெவ்வேறாகத் தோன்றும்.

எண்ணுவதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முதலில் ஜீனோடைப்: 1 : 2 : 1. பிறகு புறத்தோற்றம்: 3 நெட்டை, 1 குட்டை. கேள்வி எந்த விகிதத்தைக் கேட்கிறது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

7. விகிதத்தைச் சரியாக வாசியுங்கள்

கட்டத்தின் நான்கு அறைகள் நான்கு பிள்ளைகள் அல்ல. ஒரே ஒரு பிறப்பில் என்ன நடக்கலாம் என்பதன் நான்கு சம வாய்ப்புகள் அவை. இதைப் புரிந்துகொள்ளாமல், பெற்றோர் இருவரும் கடத்துபவர்களாக (நோய் இல்லாமல், நோய்க்கான ஒடுங்கு அல்லீல் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்களாக) உள்ள குடும்பத்தில் முதல் குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த மூன்று குழந்தைகளும் தப்பிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. ஒவ்வொரு கருவுறுதலும் புதிதாக நாணயம் சுண்டுவது போன்றது. முந்தைய குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது அடுத்ததை மாற்றாது.

நான்கு குழந்தைகள் உள்ள அத்தகைய குடும்பத்தில் சரியாக ஒருவருக்கு மட்டும் நோய் அமைவதற்கான வாய்ப்பு 27/64, ஏறத்தாழ 42 சதவீதம். ஒருவருக்குமே நோய் இல்லாமலிருக்கும் வாய்ப்பு 81/256, ஏறத்தாழ 32 சதவீதம். மூன்றுக்கு ஒன்று என்பது எண்ணிக்கை பெருகும்போதுதான் துலங்குகிறது. பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 7324 விதைகளை எண்ணியபோது 5474 உருண்டை, 1850 சுருக்கம், விகிதம் 2.96. உயரத்தில் அவர் எண்ணிய செடிகள் 1064 மட்டுமே. 787 நெட்டை, 277 குட்டை, விகிதம் 2.84.

இன்னொரு பொறி: பெற்றோர் இருவரும் கடத்துபவர்கள், தம்பிக்கு ஒடுங்கு மரபு நோய் இருக்கிறது, அக்காவுக்கு நோய் இல்லை, அக்கா கடத்துபவராக இருக்கும் வாய்ப்பு என்ன? பலர் 2/4 என்று எழுதுகிறார்கள். அக்காவுக்கு நோய் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் நான்காம் அறையை அடித்துவிட வேண்டும். எஞ்சிய மூன்றில் இரண்டு ஹெட்டிரோசைகஸ். விடை 2/3. கேள்வியில் புதிய தகவல் கிடைக்கும்போதெல்லாம், அது எந்த அறையை நீக்குகிறது என்று கேளுங்கள்.

8. இருபண்புக் கலப்பில் பெருக்கலைப் பயன்படுத்துங்கள்

வாவநாந செடிகள் இரண்டைக் கலக்கும்போது 16 அறைக் கட்டத்தை ஒருமுறையேனும் முழுதாக நிரப்பிப் பாருங்கள். அதன்பின் அதைக் கைவிடலாம். மூன்று பண்புகளுக்கு 64 அறைகள் வேண்டும். அத்தனை அறைகளில் பிழை நுழையாமல் பார்ப்பது கடினம்.

ஒவ்வொரு பண்பையும் தனி ஒருபண்புக் கலப்பாகத் தீர்த்துப் பெருக்குவதே பாதுகாப்பான வழி. உருண்டை 3/4, மஞ்சள் 3/4. இரண்டும் சேர்ந்து 9/16. இதுபோலவே மற்றவை 3/16, 3/16, 1/16. பெற்றோர் வேறுபட்டாலும் முறை மாறாது. வாவநாந செடியை வாவநந செடியுடன் கலந்தால் உருண்டையும் பச்சையுமான விதைக்கு 3/4 × 1/2 = 3/8. எந்தக் கலப்பைப் பார்த்தாலும் 9 : 3 : 3 : 1 என்று எழுதிவிடும் பழக்கத்துக்கு இந்தக் கணக்கு நல்ல மருந்து.

பெற்ற எண்ணிக்கை எதிர்பார்ப்போடு பொருந்துகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெண்டலின் 556 விதைகளில் 315, 108, 101, 32 என நான்கு வகைகள் இருந்தன. எதிர்பார்ப்பு 312.75, 104.25, 104.25, 34.75. ஒவ்வொரு வகையிலும் வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்ப்பால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 0.47. இதுவே கை-வர்க்கச் சோதனை. நான்கு வகைகளுக்கு, அதாவது கட்டற்ற அளவு (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3க்கு, ஐந்து சதவீத எல்லை 7.815; எதிர்பார்ப்பு சரியாக இருந்தும் தற்செயலால் இதைத் தாண்டும் வாய்ப்பு ஐந்து சதவீதமே. எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் 9 : 3 : 3 : 1 என்ற எதிர்பார்ப்பை மறுக்க இடமில்லை.

பெருக்கல் விதி இரு மரபணுக்களும் ஒன்றையொன்று சாராமல் பிரிந்தால் மட்டுமே செல்லும். ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்தவை பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கும். அப்போது பெற்றோரிடம் இருந்த சேர்க்கைகள் எதிர்பார்ப்பைவிட அதிகமாகக் கிடைக்கும். கேள்வியில் ‘பிணைப்பு’ என்ற சொல்லோ, பொருந்தாத எண்களோ தென்பட்டால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

9. மூன்றுக்கு ஒன்று வராத இடங்கள்

வீட்டு முற்றத்தில் வளரும் அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருகிறது. இளஞ்சிவப்புச் செடிகள் இரண்டைக் கலந்தால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1 : 2 : 1. இது முழுமைபெறா ஓங்குத்தன்மை. அல்லீல்கள் கலந்து கரைந்துவிடவில்லை என்பதற்குச் சான்று, அடுத்த தலைமுறையில் தூய சிவப்பும் தூய வெள்ளையும் திரும்பி வருவதே.

இரத்த வகையில் அல்லீல்கள் மூன்று. ஆனால் ஒருவரிடம் இருப்பவை இரண்டுதான். ஏ, பி இரண்டும் இணை ஓங்கு, அதாவது சேர்ந்திருந்தால் இரண்டும் வெளிப்படும்; ஓ ஒடுங்கு. ஏஓ தந்தைக்கும் பிஓ தாய்க்கும் ஏபி, ஏ, பி, ஓ நான்கு வகையிலும் குழந்தை பிறக்கலாம். ‘ஏ வகை’ என்பது புறத்தோற்றம், ‘ஏ அல்லீல்’ என்பது மரபணு வடிவம். இரண்டையும் ஒரே எழுத்தால் குறிப்பதால் குழம்பாதீர்கள்.

மஞ்சள் மயிர்நிற எலிகள் இரண்டைக் கலந்தால் மஞ்சளும் மஞ்சளல்லாததும் 2 : 1 விகிதத்தில் வரும். மஞ்சள் அல்லீல் இரண்டு பெற்ற கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுவதால் ஓர் அறை முழுவதும் காணாமல் போகிறது. கட்டம் சரி, எண்ணப்பட்டவர்கள்தான் குறைவு.

10. பால்சார்ந்த மரபில் குரோமோசோமையும் சேர்த்து எழுதுங்கள்

சிவப்பு-பச்சை நிறக்குருடு, ஹீமோஃபிலியா ஆகியவற்றுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஒய் குரோமோசோமில் அவற்றுக்கு இணை இல்லை. ஆகவே ஆணுக்கு ஒடுங்கு அல்லீல் ஒன்றிருந்தாலே பண்பு வெளிப்படும். பார்வைக்கு பா இயல்பான அல்லீல், ப நிறக்குருடுக்கான ஒடுங்கு அல்லீல் என்று கொண்டால், எழுதும்போது எக்ஸ்பா, எக்ஸ்ப, ஒய் என்று குரோமோசோமின் பெயரோடு அல்லீலை ஒட்டுங்கள். அல்லீலை மட்டும் எழுதினால் ஒய்க்கும் ஓர் அல்லீலைத் தந்துவிடுவீர்கள்.

கடத்தும் தாய்க்கும் இயல்பான பார்வையுள்ள தந்தைக்கும் மகள்கள் எல்லோரும் இயல்பான பார்வையுடன் பிறப்பர். அவர்களுள் ஒவ்வொருவரும் கடத்துபவராக இருக்கும் வாய்ப்பு அரை. மகனுக்கு நிறக்குருடு வரும் வாய்ப்பும் அரை. ஆனால் ‘பிறக்கப்போகும் குழந்தை நிறக்குருடாக இருக்கும் வாய்ப்பு’ என்று கேட்டால் கால். குழந்தை ஆண் என்பது கேள்வியில் தெரிந்துவிட்டதா, இல்லையா என்பதே விடையை மாற்றுகிறது. தந்தையின் எக்ஸ் மகனுக்குப் போவதில்லை என்பதை மறந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு அம்புக்குறி போடுவதும் அடிக்கடி காணும் பிழை.

11. குடும்பக் கால்வழி வரைபடத்தைத் தீர்த்தல்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பண்பு வெளிப்பட்டவருக்கு நிழல். மணஉறவுக்குக் கிடைக்கோடு, இரத்த உறவுக்குள் மணமானால் இரட்டைக்கோடு. முதலில் நிழலிட்ட எல்லோருக்கும், பிறகு அவர்களுடைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜீனோடைப் எழுதுங்கள். நிழலில்லாத பெற்றோர் இருவருக்கு நிழலிட்ட மகள் இருந்தால் அது ஒடுங்கு பண்பு. எக்ஸ் சார்ந்ததாகவும் இருக்க முடியாது, ஏனெனில் அப்படியானால் அவளுடைய தந்தைக்கும் பண்பு வெளிப்பட்டிருக்கும்.

நம் குடும்பங்களில் அக்காள் மகளை மணப்பதும் மாமன் மகளை மணப்பதும் வழக்கில் இருப்பதால் இரட்டைக்கோட்டுக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது. தாய்மாமன் பீட்டா தலசீமியா என்னும் ஒடுங்கு மரபு இரத்த நோயைக் கடத்துபவர் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. அவர் அக்காள் மகளை மணக்கிறார் என்க. அவருடைய பெற்றோரில் ஒருவர் மட்டும் கடத்துபவர், அக்காளின் கணவர் கடத்துபவர் அல்லர் என்று கொள்வோம். அக்காளுக்கு அந்த அல்லீல் வந்திருக்கும் வாய்ப்பு 1/2. அவளிடமிருந்து மகளுக்குச் சென்றிருக்கும் வாய்ப்பு மறுபடி 1/2. ஆக மணப்பெண் கடத்துபவராக இருக்கும் வாய்ப்பு 1/4. இருவரும் கடத்துபவர்களாக இருந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 1/4. எனவே 1/4 × 1/4 = 1/16.

இந்தக் கணக்கில் மாணவர்கள் விடுவது முதல் 1/4ஐ. மணமகன் கடத்துபவர் என்றதும் மணமகளையும் அப்படியே கொண்டு, விடையை 1/4 என்று எழுதிவிடுகிறார்கள். உறவுக்கு வெளியே மணந்தால் அந்த இடத்தில், மணப்பெண் சார்ந்த சமூகத்தில் கடத்துபவர்களின் விகிதம் வந்து அமரும். அது பொதுவாக 1/4ஐவிட மிகச் சிறியது.

வாழ்க்கையில் இந்த 1/4ஐ ஊகமாக விட்டுவைக்க வேண்டியதில்லை. திருமணத்துக்கு முன்போ கருத்தரிப்பதற்கு முன்போ மணப்பெண்ணும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அந்த எண் பூச்சியமாகவோ ஒன்றாகவோ மாறிவிடும். பூச்சியமானால் குழந்தைக்கு அந்த நோய் வரும் வாய்ப்பும் பூச்சியம். ஒன்றானால் ஒவ்வொரு குழந்தைக்கும் 1/4, அப்போது மரபியல் ஆலோசகரைக் காண வேண்டும். பரிசோதனை முடிவு கையில் வந்தபின், பழைய விடையைத் திருத்த முயலாமல், நான்காம் படியிலிருந்து புதிய தாளில் கணக்கைத் தொடங்குங்கள்.